லாரி வராத ஞாயிற்றுக்கிழமை

தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஆடி மாதத்தில், திருமுல்லைவாயிலில் நடந்தது இது. நான் அப்போது பி.காம். இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸ் இன்னும் கிடைக்காததால் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு தெருவில் வாடகைக்கு இருந்தோம். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். தண்ணீரைப் பற்றி யோசித்தே பழக்கமில்லாத என் அம்மா, இங்கே வந்து இரண்டே வருடத்தில், மூன்று தெரு தள்ளி வரும் தண்ணீர் லாரியைச் சத்தத்தை வைத்தே சொல்லும் அளவுக்குத் தேறியிருந்தாள்.

எங்கள் தெருவுக்கு லாரி செவ்வாய்க்கிழமையும் சனிக்கிழமையும் வரும். எத்தனை மணிக்கு என்பது அந்த லாரிக்கே தெரியாது. அதனால் வரிசையில் ஆட்கள் நிற்க மாட்டார்கள், குடங்கள்தான் நிற்கும். விடிந்ததும் கொண்டுவந்து வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். குடம் கைவசம் இல்லாதவர்கள் உடைந்த வாளியையோ செங்கல்லையோ வைப்பார்கள். செங்கல்லுக்கும் குடத்துக்குரிய மரியாதை உண்டு. அதை யாராவது அரை அடி தள்ளி வைத்தால் அன்றைக்குத் தெருவில் யாரும் சமைக்க மாட்டார்கள், சண்டைதான்.

கல்லூரிக்குப் போகும்போதும் வரும்போதும் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே போவேன். ஆட்கள் போன பிறகு இந்தக் குடங்கள் தங்களுக்குள் இடித்துத் தள்ளிச் சண்டை போட்டால் எப்படி இருக்கும் என்று ஒருநாள் தோன்றியது. நோட்டுப் புத்தக மூலையில் பக்கத்துக்கு ஒரு படமாக வரைந்து, விரலால் சரசரவென்று தள்ளிப் பார்த்தேன். குடம் குதித்தது. அவ்வளவுதான், எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது.

இதற்கு எண்ணெய் ஊற்றியவள் என் வகுப்புத் தோழி. நசரத்பேட்டைக்காரி. சர்ச் இளைஞர் குழுவில் நாடகம் போட்டுக்கொண்டிருந்தவள். எங்கே என்ன போட்டி என்றாலும் பேப்பரைக் கத்தரித்து, கடிதம் எழுதி விதிமுறைகளை வரவழைத்துவிடுவாள். அந்த வருடம் அவள் கையில் மூன்று இருந்தன. ஒன்று டெல்லியில் நடக்கும் அகில இந்திய அனிமேஷன் போட்டி. இன்னொன்று மெட்ராஸில் ஒரு திரைப்படச் சங்கம் நடத்தும் மாணவர் குறும்படப் போட்டி. மூன்றாவது அவர்கள் சர்ச் விழாவில் நடப்பது. "அதுல நம்மளத் தவிர யாருமே கலந்துக்க மாட்டாங்கடி. ஜெயிச்சாலும் வெளிய சொல்லிக்க முடியாது" என்று அதை அவளே தள்ளிவிட்டாள்.

ஒரு படத்தை ஒரே போட்டிக்குத்தான் அனுப்பலாம் என்று இரண்டிலும் கண்டிப்பாகப் போட்டிருந்தது. நாங்கள் யோசிக்கவே இல்லை. டெல்லிதான். பரிசு பெற்ற படத்தைத் தொலைக்காட்சியில் காட்டுவார்களாம். அதற்கு மேல் என்ன வேண்டும்? டெல்லிப் போட்டியில் கூடுதலாக ஒரு நிபந்தனை: திரையில் அசைவதெல்லாம் அனிமேஷனாக மட்டுமே இருக்க வேண்டும், நடமாடும் மனிதர்கள் வரக் கூடாது. எங்கள் படத்தில் குடங்கள்தானே, மனிதருக்கு அங்கே என்ன வேலை என்று படிவத்தை நிரப்பி வைத்துவிட்டோம்.

அனிமேஷன் படிக்க வேண்டும் என்ற ஆசையையும் சேர்த்து அப்பாவிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியபடியே, "ஒரு மட்டம் செஞ்சு பாருளா. ஏதாவது கெடச்சா நீ சொல்லுத படிப்புக்கே அனுப்புதேன். ஒண்ணும் கெடைக்கலன்னா பேசாம பேங்க் பரீச்சைக்கு உக்காரணும். சரிதானா?" என்றார். சரி என்றேன். தலையை ஆட்டிய பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருப்பது ஒரு படம், ஒரு வாய்ப்பு.

ஆடி மாதத்தில் முகூர்த்தம் கிடையாது. கல்யாண வீடியோ எடுப்பவர்கள் ஈ ஓட்டும் மாதம் அது. எங்கள் தெருமுனையில் வீடியோ கடை வைத்திருந்த அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னோம். "நானும் பன்னெண்டு வருசமா மாப்ள பொண்ணு மூஞ்சியவே புடிச்சுகினு கீறேன். கொடத்துக்கு வெக்கம் கிக்கம் இருக்காது, 'இந்தப் பக்கம் பாரு, சிரி'ன்னு கெஞ்ச வேணாம். வரேன்" என்றார். மனிதர்கள் போகிற போக்கில் சொல்வதை எழுதி வைக்க நான் ஒரு நோட்டு வைத்திருப்பேன். இன்றைக்கும் வைத்திருக்கிறேன். அதில் முதல் பக்கத்தில் இருப்பது இந்த வசனம்தான்.

லாரி வராத நாள் என்பதால் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். தெரு முழுக்கக் கேட்டு இருபத்தேழு குடம், ஓர் உடைந்த வாளி, இரண்டு செங்கல், அம்மாவின் பித்தளைச் சொம்பு எல்லாம் சேர்த்துக் காலை ஏழு மணிக்கு வரிசையாக வைத்தாயிற்று. முக்காலியில் கேமரா. குடத்தை ஒரு விரற்கடை நகர்த்துவோம், அண்ணன் பட்டனை அமுக்கி உடனே நிறுத்துவார். அரை வினாடி ஓடும். மறுபடி நகர்த்துவோம். ரொம்ப நேரம் சும்மா விட்டால் கேமரா தானாக அணைந்துவிடும் என்பதால் ஓடி ஓடி நகர்த்த வேண்டும். நானூறு தடவைக்குக் குறையாமல் குனிந்து நிமிர்ந்திருப்போம். நிழல் வேறு நகர்ந்துகொண்டே இருந்தது. ஏழு மணிக்கு நீளமாகக் கிடந்தது, பதினொரு மணிக்குக் குடத்தின் காலடிக்கு வந்துவிட்டது. "ஐயோ, முன்னாடி எடுத்ததோட நிழல் ஒட்டாதே" என்று எனக்கு அழுகையே வந்தது. அதற்காக வெயிலை நிறுத்தவா முடியும்?

கடைசிக் காட்சி இதுதான்: சண்டை போட்ட குடங்கள் எல்லாம் லாரியின் ஹாரன் கேட்டதும் நல்ல பிள்ளைகளாக வரிசைக்குத் திரும்பி அசையாமல் நிற்கும். ஹாரன் சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று அண்ணன் சொல்லியிருந்தார். "இத மட்டும் நிறுத்தாம கொஞ்சம் ஓட விடுவோம்" என்று அவர் பட்டனை அமுக்கினார்.

அப்போதுதான் பின்தெருவிலிருந்து ஓர் அக்கா ஓடிவந்தார். இடுப்பில் பச்சைக் குடம். வந்த வேகத்தில் அதை வரிசையின் கடைசியில் வைத்தார். நிமிர்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தார். நெற்றியில் கையை வைத்து, லாரி வரும் திசையைப் பார்த்தார். அவருக்குப் பின்னாலேயே இன்னும் நான்கு பேர், ஆளுக்கொரு குடத்தோடு.

எங்கள் தெருவில் குடங்கள் வரிசையாக நிற்கின்றன என்று யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். குடம் நின்றால் லாரி வருகிறது என்றுதானே அர்த்தம்? அதைச் சரிபார்க்க யாரும் நிற்க மாட்டார்கள். முதலில் குடத்தை வை, அப்புறம் கேள். எங்கள் ஊரின் சட்டம் அது.

எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. "யாரு உங்கள வரச் சொன்னது? நாலு மணி நேர வேலை போச்சு! எடுங்க கொடத்த!" என்று கத்திவிட்டேன். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது பெரியவரிடம்.

அந்த அக்கா முதலில் என்னை, பிறகு கேமராவை, பிறகு வரிசையைப் பார்த்தார். "அப்போ லாரி வரலியா?"

"வராது. இது படம்."

"அடப்பாவி, படத்துக்கா கொடம் வெச்சீங்க? நான் அடுப்புல கொயம்ப அப்படியே வுட்டுட்டு வந்தேன்." கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கெயமைல ஒரு நாளாச்சும் துணி தொவைக்கலாம்னு பாத்தேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அண்ணன் டேப்பைக் கொஞ்சம் தள்ளி, வெறும் குடங்களை மட்டும் வைத்து அந்தக் கடைசிக் காட்சியை மறுபடி எடுத்துக் கொடுத்தார். படம் தப்பித்தது. என் மனசு மட்டும் கிடந்து உறுத்தியது.

மாலையில் கடையில் டிவியில் போட்டுப் பார்த்தோம். குடங்கள் நொண்டியடித்துக் குதித்துச் சண்டை போட்டதைப் பார்த்து அண்ணனே தொடையில் தட்டிச் சிரித்தார். முதலில் சுத்தமான முடிவைப் போட்டார். குடங்கள் ஒழுங்காக நின்றன. நன்றாகத்தான் இருந்தது. பிறகு மற்றதைப் போட்டார். பச்சைக் குடம் வந்தது. அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தார். அவர் பார்த்த பார்வையில் நானும் லாரி வருகிறதோ என்று டிவிக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டேன். தோழி சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள்.

"இதுதான்டி முடிவு" என்றேன்.

"லூசாடி நீ? ஆள் வந்தா டெல்லியில உள்ளயே எடுத்துக்க மாட்டாங்க. டிவில போடுவாங்கடி! உங்கப்பா என்ன சொன்னாரு, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. வங்கித் தேர்வுப் புத்தகம் கண் முன்னால் நின்றது. இரண்டு முடிவும் ஒரே டேப்பில் இருந்தன. டெல்லிப் படிவத்தில் இருந்த நிபந்தனையை மறுபடி படித்தேன். அதன்படி நடந்தால் அந்த அக்காவை இரண்டாம் முறை தெருவிலிருந்து துரத்த வேண்டும். காலையில் தெரியாமல் துரத்திவிட்டேன். தெரிந்தே இன்னொரு தடவை செய்ய மனசு வரவில்லை. மெட்ராஸ் போட்டியின் படிவத்தை எடுத்து நிரப்பினேன். தோழி ஒரு நிமிஷம் முறைத்துவிட்டு, "பேனாவ குடு, உன் கையெழுத்து யாருக்கும் புரியாது" என்று பிடுங்கிக்கொண்டாள்.

அன்றிரவே அண்ணன் சுத்தமான முடிவை நீக்கி ஹாரனைச் சேர்த்துக் கொடுக்க, மறுநாளே மின்சார ரயிலில் போய் டேப்பை நேரில் கொடுத்துவிட்டு வந்தோம். திரும்பி வந்ததும் பின்தெருவுக்குப் போனேன். கதவைத் திறந்த அக்காவிடம், "அக்கா, நேத்து நான் அப்படிப் பேசினது தப்பு. உங்களைப் படத்துல வெச்சிருக்கேன். வேணாம்னு சொன்னா டேப்பத் திருப்பி வாங்கி எடுத்துடறேன்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் எப்டிமா கீறேன் படத்துல?"

"நல்லா இருக்கீங்க."

"தல வாராம வந்தேன். மொதல்லியே சொல்லியிருந்தா வாரிகினு வந்திருப்பேன்ல." அவ்வளவுதான் அவர் கோபம். குழம்பு அன்றைக்கு அடிப்பிடித்துவிட்டது என்பதையும் மறக்காமல் சொன்னார்.

திரையிடல் நாளன்று எங்கள் தெருவிலிருந்து பதினோரு பேர் ரயிலேறினோம். அப்பா ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்தார். அக்கா தலை வாரி, பூ வைத்து, பட்டுப் புடவையில் வந்திருந்தார். நகரத்துக் கல்லூரி மாணவர்களின் படங்கள் ஒவ்வொன்றாக ஓடின. எடிட்டிங், பின்னணி இசை, அது இது என்று மிரட்டின. எங்கள் படத்தில் இருந்ததெல்லாம் கடைசியில் வரும் ஒரு ஹாரன் சத்தம். நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செங்கல்லைச் சொம்பு இடித்துத் தள்ளிய இடத்தில் முதல் சிரிப்பு வந்தது. பிறகு நிற்கவே இல்லை. கடைசியில் ஹாரன் ஒலித்து, பச்சைக் குடம் வந்து, அக்கா சாலையைப் பார்த்தார். அரங்கம் அப்படியே அடங்கியது. விளக்கு எரிந்த பிறகுதான் கைதட்டல். அது எழுந்த வேகத்தில் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் பரிசு எங்களுக்குத்தான். நடுவர்களில் ஒருவர் மேடையில், "காத்திருக்கும் நேரத்தை நிழலாலேயே சொல்லியிருக்கிறீர்கள், எப்படித் திட்டமிட்டீர்கள்?" என்று கேட்டார். "திட்டமிடலை சார். வெயிலை நிறுத்த முடியலை" என்று உள்ளதைச் சொன்னேன். அரங்கம் சிரித்தது. படத்தில் வந்த அம்மா வந்திருக்கிறார்களா என்று கேட்டு, அக்காவையும் மேடைக்கு அழைத்தார்கள். மைக்கைக் கொடுத்தார்கள். அவர் கொஞ்சமும் பதறவில்லை. "படம் நல்லா கீது சார். இன்னா ஒண்ணு, கடசி வரிக்கும் லாரி வரல. அத யாராச்சும் கேளுங்க" என்றார். அன்று விழுந்த கைதட்டலிலேயே பெரியது அதற்குத்தான்.

திரும்பி வரும் ரயிலில் அப்பா பரிசுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மறுநாள் பார்த்தால் அலமாரியில் அதைக் காணோம். சாப்பாட்டுப் பையில் வைத்துத் தொழிற்சாலைக்கு எடுத்துப் போயிருக்கிறார். சாயங்காலம் வந்து, "அந்தப் படிப்புக்கு எங்க அப்ளிகேஷன் வாங்கணும்?" என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகு எத்தனையோ போட்டிகளுக்குப் படம் அனுப்பியிருக்கிறேன். சிலவற்றில் வென்றிருக்கிறேன், பலவற்றில் பதிலே வந்ததில்லை. ஆனால் இன்றைக்கும் எந்தப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தாலும், பரிசு என்ன என்று பார்ப்பதற்கு முன்னால், இதற்காக யாரை நான் வரிசையிலிருந்து குடத்தை எடுக்கச் சொல்ல வேண்டியிருக்கும் என்றுதான் முதலில் தேடிப் பார்க்கிறேன்.