நீலப்புலி அண்ணா

காலர் அக்கா என்றால் அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் ஆறு வருடம் காலர் மட்டுமே தைத்தவள். முழுச் சட்டை எப்படி இருக்கும் என்பதையே வீட்டுக்கு வந்து புருஷனைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று சொல்லிச் சிரிப்பாள். பிறகு சொந்தமாக ஒரு மெஷினை வாங்கி முன்னறையில் போட்டு, மூன்று தெரு தள்ளியிருந்த பள்ளிக்கூடத்துக்குச் சீருடை தைக்க ஆரம்பித்தாள். முகம் அவளுக்கு மறந்துபோகும், தோள் மறக்காது. "முப்பத்தெட்டு வர்றாரு பாரு" என்பாள், ஆள் கதவைத் தட்டும் முன்பே.

மகளுக்கு எட்டு வயது. பள்ளி விட்டு வந்ததும் வெட்டும் மேசைக்கு அடியில் துணித்துண்டுகளின் மேல் சாய்ந்துகொண்டு போனில் விளையாடுவாள். முகம் தெரியாத பிள்ளைகள் பலர் சேர்ந்து வீடு கட்டும் விளையாட்டு அது. தெருவில் ஓடினால் வண்டி வரும். இங்கே கண் முன்னால்தானே இருக்கிறாள் என்று தாய் நிம்மதியாக இருந்தாள்.

அன்று மாலை பாபினில் நூல் தீர்ந்து மெஷின் நின்றது. மேசைக்கு அடியிலிருந்து மகளின் குரல் தெளிவாகக் கேட்டது.

"சரிண்ணா. அம்மாகிட்ட சொல்லமாட்டேன்."

போனைப் பிடுங்கக் காலர் அக்காவின் கை நீண்டது. ஆனால் நீண்ட கை பாதியிலேயே நின்றுவிட்டது. தொழிற்சாலையில் சேர்ந்த புதிதில், மேற்பார்வையாளர் ரொம்ப நெருங்கி வந்து நிற்கிறார் என்று அவள் வீட்டில் சொல்லியிருக்கிறாள். ஒரு மாதம் அவளைத்தான் வேலைக்கு அனுப்பவில்லை. அதற்குப் பிறகு அவள் வீட்டில் எதையுமே சொன்னதில்லை.

அவள் குனிந்து, மேசைக்கு அடியில் தானும் நுழைந்து உட்கார்ந்தாள்.

"யாருடி கண்ணு அது?"

"நீலப்புலி அண்ணா." குழந்தை போனை மார்போடு அணைத்துக்கொண்டது. "சொன்னா பிடுங்கிடுவ."

"பிடுங்கமாட்டேன். என் ஊசிமேல சத்தியம்."

"ஊசிமேல எல்லாம் சத்தியம் பண்ணக்கூடாது, குத்தும்" என்று சிரித்த பிறகுதான் குழந்தை வாயைத் திறந்தது. இவள் பேசினால் அண்ணாவுக்குக் கேட்குமாம், ஆனால் அண்ணா பேசமாட்டாராம், எழுத மட்டும்தான் செய்வாராம். விளையாட்டில் தங்கச் சிறகு பரிசாகக் கொடுத்தாராம். பள்ளிக்கூடம் விட்டதும் எந்த வாசல் வழியாக வருவாய் என்று கேட்டாராம்.

"பள்ளிக்கூடம் பேரை நீ எதுக்குடி சொன்னே?"

"நான் சொல்லவே இல்லம்மா! அவங்களே கண்டுபிடிச்சிட்டாங்க."

எப்படி என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. திரையில், விளையாட்டில் மகளுக்காக நடமாடும் பொம்மை நின்றுகொண்டிருந்தது. சாம்பல் நிறச் சட்டை, காலரைச் சுற்றி இரட்டை மஞ்சள் பட்டி, சட்டைப்பையில் மூன்று நட்சத்திரம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, விரல் நுனியால் ஒவ்வொரு கோடாக வண்ணம் தீட்டியது காலர் அக்காதான். தையல்காரி வீட்டுப் பொம்மை கந்தலாகவா நிற்கும் என்று பெருமை வேறு. அந்த இரட்டைப் பட்டி வேறெந்தப் பள்ளிக்கும் கிடையாது. தன் கையாலேயே தன் பிள்ளையின் முகவரியைத் தைத்து மாட்டியிருந்தாள்.

லாரி ஓட்டிப் போயிருந்த கணவன் போனில் கத்தினான். "அந்தச் சனியனை உடைச்சுப் போடு முதல்ல!"

"போனை உடைச்சா அவன் உடைஞ்சிடுவானா? அவனுக்குப் பள்ளிக்கூடம் தெரியும்ங்க."

"இப்பவே கிளம்புனாலும் நாளைக்கு ராத்திரிதான் வந்து சேருவேன்" என்றான் கணவன். அவன் குரல் நடுங்கி அவள் கேட்டது அதுவே முதல் தடவை.

காவல் நிலையத்தில் இருந்த பெண் அதிகாரி எதையும் அழிக்காதே, பதிலும் எழுதாதே என்றார். அண்ணா எழுதிய அத்தனையையும் படம் எடுத்துக்கொண்டார். தலைமையாசிரியை வாசலில் கூடுதலாக ஒரு காவலாளியைப் போடுவதாகச் சொன்னார். காலர் அக்கா எல்லாரிடமும் தன் மகளைப் பற்றியே பேசினாள். வேறு பிள்ளை எதுவும் அவள் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் மூன்றரை மணி. சாதாரண உடையில் வந்த அந்த அதிகாரியுடன் அவள் முன்வாசலில் நின்றாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு ஆணாகப் பார்த்தாள். நாற்பது, முப்பத்தாறு, சரிந்த தோள், கூன் விழுந்த முதுகு. எழுத்தாக மட்டும் வந்தவனுக்கு என்ன அளவு? தினமும் பார்த்துச் சிரிக்கும் தகப்பன்மார்கூட அன்று அவளுக்கு அந்நியர்களாகத் தெரிந்தார்கள்.

மணி அடித்தது. மகள் ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். தாய்க்கு மூச்சு வந்தது.

"அம்மா, இன்னொண்ணு இருக்கு. திட்டமாட்டியே?"

"திட்டல. சொல்லு."

"ரெட்டைவாலும் நீலப்புலி அண்ணாகூட விளையாடுவா." ரெட்டைவால் என்பது வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பெண், எப்போதும் இரட்டைப் பின்னல். "நேத்திலேருந்து நான் பதில் போடலல்ல? அதனால அவளைக் கூப்பிட்டிருக்காங்களாம். பின்வாசலுக்கு. பூனைக்குட்டி தர்றாங்களாம். யார்கிட்டயும் சொல்லாதேன்னா. உன்கிட்ட சொல்லலாம்ல?"

அவள் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள். அதிகாரி முன்னால் ஓடினார். மதில் சுவர் முடியவே முடியாதது போல நீண்டது.

பின்வாசலுக்கு வெளியே, புத்தகப்பையின் மேல் ரெட்டைவால் உட்கார்ந்திருந்தாள். தனியாக. மடியில் ஒரு காலி அட்டைப்பெட்டி. பூனைக்குட்டிக்காக அதில் கைக்குட்டையை விரித்து வைத்திருந்தாள்.

"இன்னும் வரல ஆன்ட்டி" என்றாள்.

காலர் அக்கா மகளை இறக்கிவிட்டாள். தரையிலேயே உட்கார்ந்து இரண்டு பிள்ளைகளின் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டாள். எதிரே பேருந்து நிறுத்தத்தில் நாலைந்து பேர் நின்றார்கள். ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வேன் கிளம்பிப் போனது. அதிகாரி எண்ணைக் குறித்துக்கொண்டு நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

"அவங்கள்ல நீலப்புலி அண்ணா யாரும்மா?" என்று மகள் கேட்டாள்.

"தெரியலடி."

"கை வலிக்குது ஆன்ட்டி" என்றாள் ரெட்டைவால்.

அவள் பிடியைத் தளர்த்தவில்லை.