கரி ஜெயித்த தீபாவளி

அந்தத் தீபாவளிக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பட்டாசைவிட அதிகமாக வெடித்தவர்கள் என் அப்பாவும் மாமாவும்தான். கோழியைக் கரியில் சுடுவதா, கேஸில் சுடுவதா என்பதுதான் சண்டை. வேறு வேலை இல்லை இரண்டு பேருக்கும்.

மாமா, அம்மாவின் தம்பி, நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்தார். அங்கே புதிது வாங்கியதும் பழைய கேஸ் க்ரில்லைக் கேட்டு வாங்கி, சிலிண்டரோடு லொறியில் ஏற்றி எங்கள் அக்கரப்பத்தனைக்குக் கொண்டுவந்துவிட்டார். அப்பாவோ ஒரு மாதமாகத் தகரப் பீப்பாயை நெடுக்காக வெட்டி, கால் வைத்து, கம்பி வலை போட்டுத் தன் கரி அடுப்பைத் தயார் பண்ணி வைத்திருந்தார்.

“மச்சான், திருகினா பத்து நிமிசத்துல சூடு. பொகை இல்ல, சாம்பல் இல்ல” என்றார் மாமா.

“பொகை இல்லாத கோழிய நீயே தின்னு.”

அம்மாதான் தீர்ப்புச் சொன்னார். எங்கேயோ சிலிண்டர் வெடித்ததை டிவியில் பார்த்ததிலிருந்து கேஸ் என்றாலே அவருக்குக் குலை நடுக்கம். “பன்னண்டு காம்பராவுக்கும் ஒரே கூரை தம்பி. வெடிச்சிச்சின்னா லயமே போயிரும். பக்கத்துல பச்சப்புள்ள வேற கெடக்குது. கரி என்னா செய்யப்போவுது?”

பச்சைப்பிள்ளை, சித்தியின் மகன். அம்மாவின் தங்கையான சித்தி எங்களுக்கு அடுத்த ஒற்றையறைக் காம்பராவில் இருந்தார். பிள்ளை பிறந்து பதினாறு நாள். சித்தப்பாவுக்குக் கொழும்பில் கடை வேலை. அன்று சாயந்தரம்தான் வருவதாக இருந்தது. எட்டு வயதில் எனக்கு அந்தப் பிள்ளை மேல் பைத்தியம். அவனுக்காக என்று எந்த வேலை சொன்னாலும் விழுந்தடித்து ஓடுவேன்.

மத்தியானம் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் கோழி சுட்டு முடிந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பல்லெல்லாம் கிடுகிடுக்கும் குளிர். பீப்பாயில் கங்கு செக்கச்செவேலென்று கிடந்தது. “பாத்தியா மச்சான், இத்தன கங்கு கேஸ்ல கெடைக்குமா?” என்று அப்பா சீண்டினார். மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, கடைக்குச் சோடா வாங்கப் போய்விட்டார்.

அம்மா கங்கை ஒரு இரும்புச் சட்டியில் அள்ளி, சட்டியின் காதுகளில் துணி சுற்றி என் கையில் கொடுத்தார். “பைய போ. சித்தி கட்டிலுக்குப் பக்கத்துல வச்சிரு, புள்ளைக்கு இதமா இருக்கும். கதவ நல்லா சாத்திட்டு வா, கூதல் ஏறிரும்.”

கொண்டுபோய் வைத்தேன். சித்தி அரைத் தூக்கத்தில், “நல்ல புள்ள” என்றார். ஜன்னல் ஏற்கெனவே அடைத்திருந்தது. கதவைச் சாத்தி, கீழே இருந்த இடுக்கில் ஒரு சாக்கையும் திணித்தேன். அது யாரும் சொல்லாமல் எனக்கே தோன்றிய யோசனை.

கொஞ்ச நேரம் கழித்துக் கோழித்துண்டோடு போய்க் கதவைத் திறந்து, “சித்தி, சித்தி” என்றேன். பதில் இல்லை. இரண்டு நாளாக ஓயாமல் அழுத பிள்ளையும் அசையவில்லை. சத்தமில்லாமல் கதவைச் சாத்தி, சாக்கை மறுபடி இறுக்கிவிட்டு வந்தேன்.

“ரெண்டு பேரும் நல்லா தூங்குறாங்கம்மா.”

“தூங்கட்டும், பாவம்” என்றார் அம்மா. நான் ஒரு கால் துண்டை எடுத்துக்கொண்டேன்.

குடை இருந்தும் பாதி நனைந்து மாமா திரும்பி வந்தார். பீப்பாயைப் பார்த்தார். “கங்கு எங்க?”

“ஒன் தங்கச்சிக்கு அனுப்பியாச்சு. கேஸ்காரருக்கு இப்ப கங்கு கேக்குதோ?” என்று அப்பா சிரித்தார்.

மாமா சிரிக்கவில்லை. “உள்ளயா? கதவு தொறந்திருக்கா?”

வாயில் கோழியோடு நான்தான் பதில் சொன்னேன். “இல்ல மாமா, நல்லா சாத்தியிருக்கேன்.”

சோடா போத்தல்கள் கீழே விழுந்து உருண்டன. “அடப் பாவிகளா, மூடுன அறையில கரிய வைக்கலாமா? அதுல வர்ற வெசக்காத்து ஆளக் கொல்லும்!” என்று கத்திக்கொண்டே ஓடினார். அப்பாவும் பின்னால் ஓடினார். அடுத்த நிமிடம் மாமா பிள்ளையோடு மழைக்குள் வந்து நின்றார். அவர் கைமேல் பிள்ளை ஈரத்துணி மாதிரி தொங்கியது. அப்பா சித்தியை இழுத்துவந்து இஸ்தோப்பில் போட்டார். சித்தி ஓங்கரித்து வாந்தியெடுத்தார். பிள்ளை அழவில்லை. மாமா அதன் வாயில் ஊதினார், உள்ளங்காலைச் சுண்டினார், மறுபடி ஊதினார். அம்மா, “அய்யோ முருகா, அய்யோ முருகா” என்று சேற்றில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். லயமே வெளியே வந்து நின்றது. நான் மட்டும் மாமாவின் காலில் ஓங்கி ஓங்கிக் குத்தினேன். தூங்குகிற பிள்ளையை இந்த மனுஷன் ஏன் மழையில் நனைக்கிறார்? அப்படி ஒரு ஆத்திரம் எனக்கு.

அப்போது ஒரு சின்ன முனகல் கேட்டது. பிறகு அழுகை.

ஆஸ்பத்திரியில், இரண்டு உயிரும் தப்பிவிட்டது, கொஞ்சம் பிந்தியிருந்தால் இல்லை என்றார் டாக்டர். சித்தப்பா பஸ்ஸை விட்டு இறங்கி நேரே அங்கே வந்தார். கையில் பிள்ளைக்கு வாங்கிய சட்டை இருந்த பை. “கங்கக் கொண்டு வச்சது யாரு?” என்று கேட்டார்.

“நான்தான். கதவையும் நான்தான் சாத்துனேன்” என்றார் அம்மா.

அப்பாவும் மாமாவும் தரையைப் பார்த்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. “பொய்” என்று ஆரம்பித்தேன். அம்மாவின் கை என் வாயை அப்படியே பொத்திவிட்டது. வலிக்கிற மாதிரிப் பொத்தி, வெளியே இழுத்துப் போனார்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் சித்தப்பா அம்மாவின் கையால் ஒரு வாய்த் தேத்தண்ணி குடிக்கவில்லை. அம்மா ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. நானும் அம்மாவோடு மூன்று நாள் பேசவில்லை, எனக்கு வரவேண்டிய நல்ல பேரைத் தட்டிப் பறித்துக்கொண்டாரே என்று.