ஓட்டுச் சில்லும் பத்து வருஷமும்

ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்தவர்களுக்கு மத்தியானம் மூன்று மணிக்குச் சரித்திரப் பாடம் நடத்துவதைப் போல ஒரு பிழைப்பு உலகத்தில் கிடையாது. பிள்ளைகள் பேச்சைக் கேட்பதில்லை என்று புலம்பும் வாத்தியார் நண்பர்களே, பிள்ளைகளாவது பரவாயில்லை, கத்தினால் விழித்துக்கொள்ளும். விடியுமுன் எழுந்து மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் ஊற்றிவிட்டு, குளித்துச் சாப்பிட்டு வந்து பெஞ்சில் உட்காருகிற ஆண்களிடமும் பெண்களிடமும் “கிரேக்க தேசம்” என்று ஆரம்பித்துப் பாருங்கள். அப்போது தெரியும் என் பாடு.

மலாயாவில் வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் போட்டிருந்தபோது செலண்டார் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் இருந்தேன். காலையில் பிள்ளைகளுக்கு, மத்தியானம் பெரியவர்களுக்கு. சாயங்காலம் ஊரடங்கு வந்துவிடும் என்பதால் அதற்குள் பாடத்தை முடித்துவிட வேண்டும். என் கிரேக்க சரித்திரம் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் எழுந்து, நடந்து, விழுந்தது.

துரை கொடுத்த அனுமதி

கிரேக்கம் நானாகத் தேர்ந்தெடுத்தது இல்லை. வகுப்பு வேண்டும் என்று முதலில் வந்து கேட்டவர் வேலாயுதம். பால்வெட்டுக்காரர்தான், ஆனால் தோட்டத்துத் தொழிற்சங்கக் கிளைக்குச் செயலாளர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். “எழுதப் படிக்க வருது தம்பி. மத்த ஊருல மனுசங்க எப்படி இருந்தாங்கன்னு சொல்லிக் குடு, அது போதும்” என்றார். கேட்ட விதத்தில் எனக்கே ஒரு உற்சாகம் வந்துவிட்டது.

இந்தியா எப்படி சுதந்திரம் வாங்கியது என்று நடத்தலாம் என நினைத்துத் துரையிடம் அனுமதி கேட்டேன். இந்தியா கூடாது என்று பதில் வந்தது. சீனா கூடாது. ரஷ்யாவின் பெயரைக் கேள்வியிலேயே எழுதியிருக்கக் கூடாது என்றும் வந்தது. அடுத்த தடவை ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி தானே சைக்கிளில் வந்து இறங்கினார். பள்ளிக்கூடத்து வாசலில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “துரை ஓகே சொல்லிட்டாரு வாத்தியாரே. என்ன வேணா நடத்துங்க, ஆனா அதுல வர்ற ஆளுங்க எல்லாம் செத்து ரெண்டாயிரம் வருஷமாவது ஆகியிருக்கணுமாம்.”

முள்கம்பிக்குள் ஒரு நகரம்

முதல் பாடம் நகர அரசு. கரும்பலகையில் படம் போட்டேன். நடுவில் ஒரு ஊர், சுற்றிலும் கொஞ்சம் வயல், அதைக் காக்க ஒரு மதில். அந்த ஊருக்குத் தனிச் சட்டம், தனிப் படை, தனிச் சாமி. அடுத்த மலைக்கு அந்தப் பக்கம் போனால் வேறு சட்டம், வேறு படை. ஒரே பாஷை பேசிக்கொண்டு ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டார்கள் என்றேன். பின்வரிசையில் இரண்டு பேர் குறட்டை விட்டார்கள்.

அப்போதுதான் எங்கள் தோட்டத்தில் சிதறிக் கிடந்த தொழிலாளர் குடியிருப்பு லயங்களை எல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, சுற்றி முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் சோறு கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக. அதைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தோட்டத்தின் கேலிக்காரன் மாரிமுத்து படத்தைப் பார்த்தான். பிறகு கையைத் தூக்கினான். “நம்ம டிவிஷனும் நகர அரசுதான் வாத்தியாரே. வேலி இருக்கு, கேட்டு இருக்கு, படை இருக்கு, சாமி பங்களாவுல இருக்காரு.”

ஸ்பார்ட்டா எஸ்டேட்

எங்கள் வகுப்புக்குக் காவலும் உண்டு. ராஜு என்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் துப்பாக்கியோடு வாசலில் நிற்பான். நான் என்ன பேசினேன் என்று வாராவாரம் டவுன் போலீசுக்குச் சொல்ல வேண்டும். அவனும் தோட்டத்துப் பையன்தான், இவர்கள் மத்தியில் வளர்ந்தவன். ஸ்பார்ட்டா பாடம் நடந்தபோது வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தான். ஸ்பார்ட்டாக்காரர்கள் உழமாட்டார்கள், ஆயுதம் மட்டும் பிடிப்பார்கள். உழைப்பதற்கு ஹெலட்டுகள் என்று ஒரு கூட்டத்தை அடிமையாக வைத்திருந்தார்கள். அவர்கள் ஒரு தடவை பூகம்பத்தைச் சாக்காக வைத்துக் கலகம் செய்தார்கள் என்று சொன்னேன்.

அடுத்த வாரம் ஜீப்பில் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். நல்ல மனிதர், ஆனால் ரொம்பவும் களைத்துப்போயிருந்தார். ஸ்பார்ட்டா எஸ்டேட் எந்த மாநிலத்தில் இருக்கிறது, மேனேஜர் யார், ஹெலட் என்பது எந்த சங்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். புத்தகத்தைத் திறந்து தேசப்படத்தைக் காட்டினேன், கடலைக் காட்டினேன், இயேசு பிறப்பதற்கு முன்னால் என்று போட்டிருந்ததையும் காட்டினேன். அவர் புத்தகத்தை மூடித் திருப்பித் தந்தார். “சரிலா வாத்தியார், ஆனா அந்தக் கலகம் அடங்கிருச்சா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க.”

சோற்றுக் கணக்கு

ஸ்பார்ட்டாவில் ஆண்கள் எல்லாரும் பொதுப் பந்தியில்தான் சாப்பிட வேண்டும். அவரவர் பங்குக்குத் தானியம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாமல் ஏழையாகிப் போனவனுக்குப் பந்தியில் இடமில்லை. பந்தியில் இடமில்லாதவன் குடிமகனும் இல்லை. இதைச் சொல்லிக்கொண்டிருந்த அன்று வேலாயுதத்தின் மனைவி அஞ்சலை அக்காவும் வந்து கடைசி பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். எப்போதாவதுதான் வருவார்.

அன்று காலையில்தான் கேட்டில் அவருடைய தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்து, சோறு வெளியே போகக் கூடாது என்று சொல்லி, அத்தனையையும் மண்ணில் கொட்டியிருந்தார்கள். கொட்டியவன் ராஜு. சட்டம் அப்படி, அவன் என்ன செய்வான்? மரத்தடியில் வெறும் கட்டங்காப்பி குடித்துவிட்டு கணவனும் மனைவியும் வேலை முடித்து வந்திருக்கிறார்கள். அஞ்சலை அக்கா வாசலில் நின்ற ராஜுவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்: “அப்ப சோறு இல்லாதவனுக்கு அங்க ஊரும் இல்லையா வாத்தியாரய்யா?”

யாருக்கு ஓட்டு

ஏதென்ஸ் பாடத்தன்று ஒருவரும் தூங்கவில்லை. குன்றின் மேல் ஜனங்கள் கூடுவார்கள், செருப்பு தைக்கிறவனும் பானை செய்கிறவனும் எழுந்து பேசலாம், கையைத் தூக்கிச் சண்டையா சமாதானமா என்று முடிவு செய்யலாம் என்று சொன்னதும் வேலாயுதம் பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டார். அந்த முகம் இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. யாரோ நல்ல சேதி கொண்டுவந்தது மாதிரி ஒரு முகம். அதோடு மணியடித்து வகுப்பை முடித்திருக்கலாம். பாடம் என்றால் மிச்சத்தையும் சொல்லத்தானே வேண்டும்?

பெண்களுக்கு ஓட்டு இல்லை என்றேன். அடிமைகளுக்கு இல்லை. வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் இல்லை. தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்து, வரி கட்டி, சண்டைக்கும் போவார்கள், ஆனால் ஊர்க்காரர்கள் ஆக மாட்டார்கள். அப்பா அம்மா இருவருமே ஊர்க்காரர்களாக இருந்தால்தான் பிள்ளை ஊர்க்காரன் என்று ஒரு சட்டம் போட்டார்கள் என்றேன். வேலாயுதம் மெதுவாக உட்கார்ந்தார். நாட்டில் யாருக்குக் குடியுரிமை, யாருக்கு இல்லை என்று சங்கத்தில் தினமும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. “அம்மா மடியில ரெண்டு வயசுல வந்தவன் நான். அந்தக் கணக்குல பாத்தா நான் இன்னும் கப்பல்லதான் இருக்கேன் தம்பி” என்றார்.

சாக்குக்குள் ஒரு தலை

ஒருநாள் காலையில், வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவதற்குப் பதிலாக லாரி லாரியாகப் போலீஸ் வந்து இறங்கியது. எல்லாரையும் வரிசையில் நிறுத்தினார்கள், என்னையும் சேர்த்துத்தான். ஒரு காருக்குள், ஆளைக் காட்டிக்கொடுக்க ஒருவன் உட்கார்ந்திருந்தான். தலையோடு கோணிச்சாக்கு, அதில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அந்தக் காரைத் தாண்டி நடக்க வேண்டும். நான் நடந்தபோது ஒன்றும் ஆகவில்லை. வேலாயுதம் நடந்தபோது சாக்கு அசைந்தது.

அவ்வளவுதான். ஏன் என்று அவரும் கேட்டார், நாங்களும் கேட்டோம், பதில் இல்லை. பால்வெட்டுக் கத்தியை அஞ்சலை அக்காவிடம் கொடுத்துவிட்டு லாரியில் ஏறினார். கொஞ்ச காலம் தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். அப்புறம் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று சேதி வந்தது. அங்கே அவருக்கு யாரையும் தெரியாது. அன்று லயத்தில் யாரும் யாரோடும் பேசிக்கொள்ளவில்லை, சாக்குக்குள் இருந்தது எந்த வீட்டு ஆளோ என்ற பயம். மாரிமுத்து மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றான், கேலிக்காரன் முகத்தில் கேலியே இல்லை. “அவன் தலையத்தான் ஆட்டுனானா, இல்ல சாக்குக்குள்ள போன ஈய ஓட்டுனானா? யாரு கண்டா வாத்தியாரே.”

ஓட்டுச் சில்லு

வகுப்பு மறுபடி நடந்தபோது பாதிப்பேர் வரவில்லை. அஞ்சலை அக்கா வந்தார். வேலாயுதம் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்தார். அடுத்து வருகிற பாடம் என்னவென்று எனக்குத் தெரியும். அதைத் தாண்டிவிடலாம் என்றுதான் பக்கத்தைப் புரட்டினேன். அதற்குள் மாரிமுத்து எட்டிப் பார்த்து, “இது என்ன படம், மங்கு உடைஞ்சு கெடக்குற மாதிரி?” என்று கேட்டுவிட்டான். மங்கு என்றால் மரத்தில் பால் பிடிக்கக் கட்டும் கோப்பை. படத்தில் இருந்தது பானை ஓடு. அதில் ஒரு பெயர் கீறியிருந்தது.

வேறு வழியில்லாமல் சொன்னேன். ஏதென்ஸில் ஒருவர் மேல் ஜனங்களுக்குச் சந்தேகம் வந்தால், குற்றம் எதுவும் சாட்டாமலே ஊரை விட்டு அனுப்பலாம். ஆளுக்கு ஒரு ஓட்டுச் சில்லில் வேண்டாதவர் பெயரைக் கீறிப் போடுவார்கள். ஆறாயிரம் சில்லாவது சேர வேண்டும். “ஓட்டுல எழுதி, ஓட்டுப் போட்டு, ஊர விட்டு ஓட்டுறதா!” என்று மாரிமுத்து பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்த பிறகுதான் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று ஞாபகம் வந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அஞ்சலை அக்கா கோபப்படவில்லை. எத்தனை வருஷத்துக்கு என்று கேட்டார். பத்து வருஷம் என்றேன். வீடு நிலம்? அவருடையதாகவே இருக்கும். அப்புறம்? பத்து வருஷம் முடிந்தால் திரும்பி வரலாம், பழையபடி ஊர்க்காரர்தான், ஒரு அவமானமும் கிடையாது. பெண்டாட்டியும் கூடப் போகணுமா என்று கேட்டார். அதைப் புத்தகத்தில் எழுதவில்லை. கரும்பலகையில் நான் எழுதியிருந்த ஆறாயிரத்தைக் கைகாட்டினார். “அங்க ஒருத்தர அனுப்ப ஆறாயிரம் பேரு வேணுமா? இங்க ஒரு சாக்கு போதுமா இருந்துச்சே வாத்தியாரய்யா.”

கப்பலுக்குப் போகாதவர்

சில வாரம் கழித்துக் கிராணி மறுபடி சைக்கிளில் வந்தார். அனுப்பப்பட்டவர்களின் குடும்பமும் போக விரும்பினால் அரசாங்கச் செலவில் அடுத்த கப்பலில் அனுப்புவார்களாம். ஒரு தடவைதான் கேட்பார்களாம், இப்போது வேண்டாம் என்றால் பிறகு கிடையாதாம். எல்லாரும் அஞ்சலை அக்கா போய்விடுவார் என்றுதான் நினைத்தோம். அவர் மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். “பத்து வருஷத்துல அவரே வந்துருவாரு, வாத்தியாரய்யா சொன்னாருன்னு சொல்லுதுலா. நீங்க என்ன சொன்னீங்க?” என்று கிராணி கேட்டார்.

வகுப்பை அப்படியே விட்டுவிட்டு லயத்துக்கு ஓடினேன். அஞ்சலை அக்கா வாசலில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார், வேலாயுதத்தின் கத்தி. நான் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அது வேறு தேசத்துச் சட்டம் அக்கா, அந்த ஊரே அழிந்துவிட்டது, இங்கே அனுப்பினவர்களுக்கு வருஷக் கணக்கு கிடையாது, திரும்பி வரவே விடமாட்டார்கள், கப்பலுக்குப் போங்கள் என்று கெஞ்சினேன். அவர் நான் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். அப்புறம் கட்டைவிரலால் கத்தியின் கூர்மையைத் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “தெரியும் தம்பி, எனக்கென்ன புத்தி கெட்டா போச்சு? போலீஸ்ல கேட்டேன், ஆபீஸ்ல கேட்டேன், எப்ப வருவாருன்னு ஒருத்தரும் வாயத் தொறக்கல. நீ ஒருத்தன்தான் ஒரு கணக்குச் சொன்ன.”

கப்பல் போய்விட்டது. என்னையும் அடுத்த வருஷம் பத்து பெரண்டாம் என்ற ஊர்ப் பக்கம் மாற்றிவிட்டார்கள், பெரியவர்கள் வகுப்பு அதோடு நின்றது. அவசரகாலம் முடிந்தது, முள்கம்பியைப் பிரித்தார்கள், பத்து வருஷமும் வந்து போனது. வேலாயுதம் வரவில்லை. பதினோராவது வருஷத்தில் மாரிமுத்துவைச் சந்தையில் பார்த்தேன். அஞ்சலை அக்கா அதே தோட்டத்தில்தான் மரம் வெட்டுகிறார் என்றான். என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சரித்திரம் நடத்தும் நண்பர்களே, வருஷக் கணக்கை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள், யாராவது அதை வீட்டுக்கு எடுத்துப் போய்விடுகிறார்கள்.