பட்டினிக் கண்டத்தில் ஆட்டுப்பட்டி

எழுபதுகளில் சித்தூர்ப் பக்கம் ஒரு நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் கூலி வேலை பார்த்தேன். அங்கே நாலு கண்டம், வயலைத்தான் அப்படிச் சொல்வோம், வரிசையாக இருந்தது. ஒன்றுக்குச் சாணி மட்டும், ஒன்றுக்கு அமோனியா உரம் மட்டும், ஒன்றுக்கு இரண்டும். நாலாவதற்கு வருடக்கணக்காக எதுவுமே கிடையாது. அதைப் பட்டினிக் கண்டம் என்போம். அதோடு ஒப்பிட்டுத்தான் மற்ற மூன்றின் விளைச்சலை ஆபீசர் எழுதுவார். அதில் எரு சிந்தினால் சீட்டுக் கிழியும் என்று சொல்லி வைத்திருந்தார். காலைக் கழுவாமல் அதில் இறங்க மாட்டோம்.

ஒரு கோடையில், உழவுக்கு முன்னால், காலையில் போய்ப் பார்த்தால் அதன் கீழ்ப்பாதி முழுக்க ஆட்டுப் புழுக்கை. மேட்டு வயலில் எருவுக்காக ராத்திரி ஆட்டை அடைத்துப் பட்டி போடப் பண்ணையில் கூப்பிட்டிருந்த ஆட்டுக்காரர் ராக்கியப்பண்ணன் பல் விளக்கிக்கொண்டு நின்றார்.

"ஏனுங்கண்ணா, இங்க எதுக்குங்க அடைச்சீங்க?"

"வத்திப்போயிக் கெடந்துது அம்மிணி. பாவம்னு ராத்திரி இங்கயும் போட்டேன். இதுக்குக் காசு வேண்டாம்னு சொல்லிப்போடு."

என்னோடு வேலை செய்த பொன்னாத்தாள் விளக்குமாற்றை எடுத்தாள்.

"கூட்டி அள்ளிப்போட்டா ஆருக்குத் தெரியும்? நீ எப்பவும்போல வாயத் தொறக்காம இரு, போதும்."

கூட்டினோம். புழுக்கை வந்தது. மூத்திரம் ஊறிய மண் வரவில்லை; சுரண்டச் சுரண்ட ஈரம். அதற்குள் ஆபீசரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. என் கூலியில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

"என்ன கூட்டறீங்க?"

"சருகுங்க சார்," என்றாள் பொன்னாத்தாள். அவர் தலையாட்டித் திரும்பினார்.

"சருகில்லீங்க. ஆட்டுப்பட்டிங்க," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

அவர் குத்த வைத்து மண்ணை எடுத்து மோந்தார்.

"ஆடு எது வரைக்கும் நின்னுது, காட்டு."

காட்டினேன். அந்த இடத்தில் வரப்புப் போடச் சொன்னார். மேல்பாதி மட்டும் இனிப் பட்டினிக் கண்டம்.

"எங்க வேலை போயிருமுங்களா சார்?" என்றாள் பொன்னாத்தாள்.

"மொதல்ல வரப்பப் போடுங்க. அப்புறம் பாக்கலாம்."

அந்த 'அப்புறம்' அறுப்பு வரை என்னைத் தூங்க விடவில்லை. அறுப்பு முடிந்ததும், அடுத்த நடவுக்கு வரச் சொன்னார், அவ்வளவுதான்.

கீழ்ப்பாதி கரும்பச்சையாக வந்தது. அடுத்த போகத்துக்கும் அப்படியே. அமோனியா அந்தப் போகத்தோடு தீர்ந்துவிடும். எரு மண்ணுக்குள் உட்கார்ந்துகொண்டு வருடம் தாண்டியும் கொடுக்கும். மறைத்திருந்தால், நெல் பச்சை கட்டும்போதெல்லாம் நான் பயந்து செத்திருப்பேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மண்ணில் தப்பு விழுந்தால் அன்றைக்கே வாயைத் திறந்துவிடுங்கள். பயிர் முளைத்து அது சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம்.