படகு வளையுமா?

கடலே இல்லாத டெல்லியில், கோல் மார்க்கெட் பக்கத்தில் ஒரு மாடி அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு நான் கடற்கரைகளை வடிவமைக்கிறேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், என் வேலை எனக்குத் தெரியும்.

அன்று என் சொந்த மாவட்டத்து மீனவக் குப்பம் ஒன்றின் வரைபடத்தைச் சாயங்காலத்துக்குள் அனுப்பியாக வேண்டும். அங்கே கரையோரம் சுவர் எழுப்பலாம் என்றவர்களோடு மல்லுக்கட்டி ஜெயித்திருந்தேன். சுவரில் மோதும் அலை முன்னால் இருக்கும் மணலை அரித்துவிடும். மணல்மேடும் அதில் படரும் அடப்பங்கொடியும்தான் ஊரைக் காக்கும். மேட்டை மிதிக்காமல் ஜனங்கள் கடலுக்குப் போக, வளைந்து செல்லும் மரப்பாதை வைத்தேன். நேராக வைத்தால் காற்று அந்த வழியாகவே மணலை வாரிக்கொண்டு போகும். செயற்கைக்கோள் படத்தில் மேட்டின் நடுவே ஒரு பட்டை மொட்டையாகத் தெரிந்தது. ‘சேதமான இடம்’ என்று சிவப்பில் குறித்து, அங்கேயும் கொடியும் வேலியும் வரைந்தேன். எனக்கே என்மேல் பெருமை தாங்கவில்லை.

முன்பு குப்பத்துக்குப் போனபோது பழக்கமான மீன்கார அக்காவுக்குப் படத்தை வாட்ஸப்பில் அனுப்பினேன். உடனே போன் வந்தது.

“படமெல்லாம் ஜோராத்தான் இருக்கு. எங்க போட்டெல்லாம் கடல்லேர்ந்து எந்த வழியா மேல வரும்?”

“அதான் பாதை போட்டிருக்கேனே அக்கா.”

“அது வளைஞ்சு வளைஞ்சுல்ல போவுது! போட்டு வளையுமா? அந்த மொட்டை எடம்தான்மா எங்க வழி. புயல்னா அதுலதான் இழுத்து ஏத்துவோம். அதை அடைச்சிட்டா போட்டை அலைக்குத்தான் குடுக்கணும்.”

வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த ஊர்க்காரர்களின் வழியையே சேதம் என்று எழுதிவிட்டேனே!

எங்கள் முதலாளி வடக்கத்திக்காரர். “ஜல்தி, ஜல்தி” என்று வந்து நின்றார். இப்போது அனுப்பிவிடு, பிறகு திருத்தலாம் என்றார். வேலி போட்ட பிறகா என்று இந்தியில் எகிறினேன். “அச்சா, அச்சா” என்று போய்விட்டார்.

சிவப்பை அழித்தேன். படகும் இரு பக்கமும் இழுக்கிற ஆட்களும் போகிற அகலத்துக்கு வழியைத் திறந்துவிட்டேன். மணல் பறக்காமலிருக்க, வேண்டும்போது கழற்றக்கூடிய கீற்றுத் தட்டிகள் வைத்தேன். ‘படகு வழி’ என்று கொட்டை எழுத்தில் எழுதி அனுப்பினேன்.

அந்த வழியை விட்டு மற்ற இடங்களில் கொடி நட்டு, வேலியும் போட்டு முடிந்த அடுத்த மழைக்காலத்தில் புயல் எச்சரிக்கை வந்தது. அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. சாயங்காலம் அக்காவின் குரல் பதிவு வந்தது. பின்னால் ஒரே கூச்சல், காற்று.

“எல்லாப் போட்டும் மேல வந்திருச்சும்மா. ஒண்ணும் வளையல!”