முப்பதாம் எண் மஞ்சள் ஜெர்சியும் புனேவில் ஒரு வியாழக்கிழமையும்

போன ஏப்ரலில் புனேவுக்குப் போகிறேன் என்றதும் தெரிந்தவர்கள் எல்லோரும் கோட்டை, மலை, குகைக்கோயில் என்று ஆளுக்கொரு பட்டியல் கொடுத்தார்கள். அதில் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. என் தங்கை தேன்மொழி கோல்கீப்பராக இறங்கப்போகும் ஒரே ஓர் ஆட்டத்தைப் பார்க்கத்தான் போனேன். அதற்கு இவ்வளவு நீளப் பதிவா என்று கேட்பவர்கள் கடைசிப் பத்திக்குப் போய்விடலாம். கால்பந்து பார்க்க வெளியூர் போகிறவர்களுக்கான தகவல் அங்கேயும் இருக்கிறது.

தேன்மொழி இருப்பது எங்கள் கோவை மகளிர் அணியில். நாட்டின் முதல் நிலை லீக். எட்டு அணிகள், ஒவ்வொன்றுக்கும் பதினான்கு ஆட்டங்கள், கடைசி இரண்டு இடம் பிடிப்பவர்கள் கீழ் லீக்குக்குப் போக வேண்டும். எங்கள் ஆட்கள் முதல் ஐந்தில் நான்கைத் தோற்றுவிட்டு, பிறகு விழித்துக்கொண்டு, தட்டுத் தடுமாறி மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். பதின்மூன்று ஆட்டங்கள் முடிந்திருந்தன. பதின்மூன்றிலும் தேன்மொழி பெஞ்சில். அவள் மாற்று கோல்கீப்பர். மற்ற இடங்களில் ஆடுகிறவர்களை எழுபதாவது நிமிடத்தில் மாற்றுவார்கள், எண்பதில் மாற்றுவார்கள். கோல்கீப்பரை, அடிபட்டால் ஒழிய, யாரும் மாற்றுவதில்லை.

ஒன்றை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். ஏழு ஆட்டங்கள் கோவையிலேயே நடந்தன. மைதானம் எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் இருபது நிமிடம். நான் ஒன்றுக்கும் போகவில்லை. அவள் ஆடாத ஆட்டத்தில் நான் போய் என்ன பார்ப்பது என்று இருந்துவிட்டேன். தீபாவளிக்கு வந்தவளிடம், “பெஞ்ச தேய்க்கறதுக்கு இவ்ளோ பாடா? விட்டுட்டு வேற வேலயப் பாரு” என்றும் சொன்னேன். அவள் முறுக்கைக் கடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

கடைசி ஆட்டம் புனே அணியோடு, புனேவை ஒட்டிய தொழிற்பேட்டையான பிம்ப்ரியில். அதற்கு நான்கு நாள் முன்னால் முதல் கோல்கீப்பருக்குப் பயிற்சியில் முழங்கால் பிசகிவிட்டது. அன்று சாயங்காலமே தேன்மொழி போன் செய்தாள். “வியாழக்கெழம நாந்தான்க்கா எறங்கறேன்” என்றாள், அவ்வளவுதான். நான் தட்காலில் டிக்கெட் எடுத்தேன்.

காலையில் கோவையில் ஏறினால் மறுநாள் மதியம் புனேவில் இறக்கிவிடும் ரயில். மூன்றாம் ஏசியில், தட்கால் கட்டணத்தோடு, இரண்டாயிரத்து முந்நூற்றுச் சொச்சம். புதன்கிழமை ஒன்றரை மணிக்கு இறங்கினேன். ஸ்டேஷனை ஒட்டியே மெட்ரோ இருக்கிறது. இரண்டாவது நிறுத்தத்தில் ரயில் மாறி, மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கசார்வாடிக்கு முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். பெட்டியை வைக்கவும் இடம் இருந்தது. கசார்வாடியில் பழைய மும்பை சாலையை ஒட்டிய லாட்ஜில் ஓர் இரவுக்கு ஆயிரத்து நானூறு. சுற்றிலும் சின்னச் சின்னப் பட்டறைகள். கடைசல் இயந்திரச் சத்தம் ராத்திரி எட்டு வரை கேட்டது. மறுநாள் காலையில் சத்தமே இல்லை. நிம்மதி என்று நினைத்தேன். அது எவ்வளவு பெரிய தலைவலி என்று அப்போது தெரியவில்லை.

வியாழன் காலை பத்தே கால். லாட்ஜுக்கு எதிர்க் கடையில், முளைகட்டிய பயறுக் குழம்பும் பாவுமான மிசல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டு எழுபது ரூபாய், காரம் காதுவரை ஏறும். தேன்மொழியின் போன்.

“அக்கா, எங்கிருக்கற?”

“மிசல் சாப்படறேன்டி.”

“அத வெச்சுட்டுக் கேளு. எனக்கு ஜெர்சி இல்ல.”

விஷயம் இதுதான். ஆட்டத்தன்று காலையில் இரண்டு அணி ஆட்களும் நடுவர்களும் உட்கார்ந்து யார் எந்த நிறம் என்று முடிவு செய்வார்கள். கோல்கீப்பர் ஜெர்சி இரண்டு அணி நிறத்தோடும் நடுவர் நிறத்தோடும் சேரக்கூடாது. புனே அணி பச்சை. அதனால் எங்கள் கோல்கீப்பருக்கு மஞ்சள் என்று எழுதிவிட்டார்கள். தேன்மொழியின் எண் முப்பது. முப்பது போட்ட ஜெர்சி பச்சையில்தான் இருந்தது. சீசன் தொடக்கத்தில் ஜெர்சி தைக்கக் கொடுத்தபோது, பெஞ்சில் உட்காருகிறவளுக்கு எதற்கு இரண்டாவது நிறம் என்று ஒன்றோடு நிறுத்தியிருக்கிறார்கள். பெஞ்சில் மேலே வேறு பனியன் மாட்டிக்கொள்வதால் பதின்மூன்று ஆட்டமும் யாருக்கும் இது உறைக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. எண் பதிவில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்பதால் முதல் கோல்கீப்பரின் ஒன்றாம் எண் மஞ்சளைப் போட முடியாது. டேப் ஒட்டி எண்ணை மாற்றினால் நடுவர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால் பாதி சீசனில் வந்து சேர்ந்த மூன்றாவது கோல்கீப்பர் பெண் ஒருத்தி இருந்தாள். அவளுக்குத் தைக்கும்போது மஞ்சள் துணிதான் மிச்சமிருந்ததாம். அவளுடைய இருபத்திரண்டு மஞ்சளிலேயே இருந்தது.

“ரெண்டே காலுக்கு டீம் லிஸ்ட் குடுக்கணும். அதுக்குள்ள ஜெர்சி வரலைன்னா அவதான் எறங்குவா. கோச் மேடம் சொல்லிட்டாங்க. மேனேஜர் பிம்ப்ரியில தேடறாரு, பாதிக்கடை பூட்டியிருக்குதாம். நான் ஓட்டல வுட்டு வெளிய வரக்கூடாதுக்கா.”

குரல் தெளிவாகத்தான் இருந்தது. சின்ன வயதிலிருந்தே அழுவதற்கு முன்னால் அவள் அப்படித்தான் பேசுவாள். மிசலை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

ஆட்டோக்காரர் பெயர் சந்தோஷ். என் இந்தி கோவை பள்ளிக்கூடத்து இந்தி, ஆனால் அவருக்கு நல்ல பொறுமை. மஞ்சள், முழுக்கை, வெறும் ஜெர்சி, எல் சைஸ் என்று சொன்னதும், அதற்குப் புனேவின் பழைய கடைவீதிப் பகுதியான கேம்ப்தான் என்றார். பன்னிரண்டு கிலோமீட்டர், நாற்பத்தைந்து நிமிடம், மீட்டரில் இருநூற்றுப் பத்து. காத்திருந்து திரும்பவும் கூட்டிப்போக வேண்டும் என்றேன். “கோயி பாத் நஹி மேடம், மேட்ச் ஹை,” பரவாயில்லை என்று எஞ்சினை அணைத்துவிட்டுச் சாய்ந்துகொண்டார்.

முதல் கடையில் ஆரஞ்சு மட்டும்தான். இரண்டாவது கடை வாசலில் நின்று தேன்மொழியிடம் போனில் புலம்பிக்கொண்டிருந்தேன். உள்ளே கல்லாவில் இருந்த அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “எந்த ஊரு நீங்க?” என்றார். அவர் பெயர் ரோசலின். மூன்று தலைமுறையாகக் கேம்ப்பில் இருக்கும் தமிழ்க் குடும்பம். மஞ்சள் முழுக்கை எல் சைஸ் ஒன்றே ஒன்று மேல் தட்டில் இருந்தது. எண்ணூற்றைம்பது ரூபாய். நான் பேரம் பேசவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று புரியும்.

“இதுல முப்பதுன்னு நம்பர் போடணுமே ஆன்ட்டி.”

“நம்பரா? அந்தக் காம் எல்லாம் கசார்வாடிக்கு அனுப்பிருவேன் மா. ஆனா இன்னிக்கு குருவார் இல்லியா? அந்தப் பக்கம் எல்லாம் சுட்டி.”

காம் என்றால் வேலை, குருவார் என்றால் வியாழன், சுட்டி என்றால் விடுமுறை. பிம்ப்ரி, கசார்வாடிப் பட்டறைகளுக்கு வார விடுமுறை ஞாயிறு இல்லை, வியாழன். காலையில் ஏன் சத்தம் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. நான் நின்ற நிற்பைப் பார்த்து அவரே போனை எடுத்து யாரிடமோ மராத்தியில் படபடவென்று பேசினார். நடுவில் இரண்டு முறை சிரித்தார்.

“ஷிண்டேன்னு ஒருத்தர். கடைய தொறக்கறேன்னாரு. ஆனா மூணரைக்கு அவரு மேட்ச் பாக்கப் போகணுமாம், ஜல்தி வரச் சொன்னாரு. டென்ஷன் நக்கோ, கவலப்படாம போ மா.”

கசார்வாடியில் ஷட்டர் பாதி ஏறியிருந்தது. ஷிண்டே ஐம்பது வயது ஆள். பளிச்சென்ற பச்சை டி-ஷர்ட் போட்டு, கழுத்தில் டோல் மேளம் தொங்கவிட்டபடி நின்றார். புனே அணியின் ரசிகர். எதிரணி கோல்கீப்பருக்குத்தான் இந்த ஜெர்சி என்று சந்தோஷ் விளக்கியதும் அவர் என்னையும் ஜெர்சியையும் மாறி மாறிப் பார்த்தார். என் தங்கை, முதல் ஆட்டம், இரண்டே கால் என்று நான் விரலை மடக்கி மடக்கிச் சொன்னேன். அவர் மேளத்தைக் கழற்றி வைத்தார்.

“போடுகிறேன். கோல் போட எதிரே ஒரு கீப்பர் வேண்டாமா?” என்று அவர் சொன்னதாகச் சந்தோஷ் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார்.

எண்கள் ஏற்கெனவே வெட்டி அடுக்கியிருந்தன. கறுப்பு மூன்று, கறுப்பு பூஜ்யம். சூட்டில் அழுத்தி ஒட்டும் இயந்திரமும் இருந்தது. கரண்ட் இல்லை. பட்டறைகள் மூடியிருக்கும் நாள் என்பதால் மின்கம்பி வேலைகளையும் வியாழனில்தான் வைத்துக்கொள்வார்களாம், சாயங்காலம்தான் வரும். அப்போது மணி ஒன்று. நான் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஷிண்டே வெளியே போய், தெருமுனைத் தள்ளுவண்டியிலிருந்து கரி இஸ்திரிப் பெட்டியைத் துணி சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்.

வெறும் பூஜ்யத்துக்கே எட்டு நிமிடம் ஆனது. ஜெர்சி மேல் காகிதம், காகிதம் மேல் இஸ்திரி, முழு எடையும் போட்டு அழுத்தி, எண்ணிக்கொண்டே நின்றார். சூடு அதிகமானால் துணி கருகும், குறைந்தால் எண் உரியும். மூன்றின் கீழ் வளைவு மட்டும் சரியாகப் பிடிக்காமல் மூன்று முறை வைத்தார். வேலை முடிந்ததும் நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு அறுபது ரூபாய் வாங்கிக்கொண்டார். ஷார்ட்ஸில் முப்பது ஏற்கெனவே இருந்ததால் அது மிச்சம். ஆட்டோவில் அவரையும் மேளத்தையும் ஏற்றிக்கொண்டு மைதானம் சேர்ந்தபோது மணி ஒன்று ஐம்பத்தெட்டு.

வாசலில் மேனேஜர் ஜெர்சியை வாங்கிக்கொண்டு ஓடினார். இரண்டேகால் தாண்டியதும் பட்டியலைப் படமெடுத்துத் தேன்மொழி அனுப்பினாள். முதல் வரி: முப்பது, தேன்மொழி. நான் அதைச் சந்தோஷிடம் காட்டினேன். அவருக்கு அவளைத் தெரியாது, ஆனாலும் பெரிதாக்கிப் பார்த்தார்.

நுழைவு இலவசம். வார நாள் பிற்பகலில் மகளிர் ஆட்டத்துக்கு யார் வருவார்கள் என்று நினைத்தேன். தொழிற்பேட்டை விடுமுறை என்பதால் ஒரு பக்கக் காலரி நிறைந்திருந்தது, குடும்பம் குடும்பமாக, வடாபாவ் பொட்டலத்தோடு. எங்கள் பக்கம் முதல் கோல்கீப்பரின் அம்மா, நான், கோவையிலிருந்து வந்து இங்கே ஐடியில் இருக்கும் நான்கு பையன்கள், மொத்தமே ஆறு பேர்.

ஏழாவது இடத்திலிருந்தோம். ஆறாவது அணி தன் கடைசி ஆட்டத்தை முந்தைய நாளே முடித்துவிட்டு, சம புள்ளியில், கோல் கணக்கில் எங்களை முந்தி நின்றது. டிரா செய்தால் போதும், பிழைத்துவிடுவோம். பன்னிரண்டாவது நிமிடத்தில் கார்னரில் தேன்மொழி முன்னால் வந்து பந்தைத் தவறவிட்டாள். கோல். டோல் அதிர்ந்தது. இருபத்திரண்டாம் எண்காரியே இறங்கியிருக்கலாமோ என்று ஒரு நொடி நினைத்தேன். நினைத்ததற்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. அவள் பந்தை வலையிலிருந்து எடுத்து நடுவுக்கு எறிந்துவிட்டு, கையுறையை இரண்டு முறை தட்டிக்கொண்டாள்.

இடைவேளையில் இன்னொரு கவலை. மூன்றின் கீழ் ஓரம் லேசாகக் கிளம்பியிருந்தது. எதிர்க் காலரியிலிருந்து ஷிண்டே அதை எனக்கு முன்னாலேயே பார்த்துவிட்டார். எழுந்து நின்று என்னைப் பார்த்துத் தன் முதுகைத் தானே தட்டிக் காட்டினார். மேனேஜரிடம் ஓடிச் சொன்னேன். உடைமாற்றும் அறையில் யாரோ வெந்நீர் பாட்டிலை வைத்து அழுத்தி அனுப்பினார்கள்.

அறுபத்தோராவது நிமிடத்தில் எங்களுக்கு ஒரு கோல். ஒன்றுக்கு ஒன்று. அதன்பின் அரை மணி நேரம் பந்து எங்கள் பாதியை விட்டுப் போகவே இல்லை. எண்பத்தெட்டில் அவர்களுடைய முன்கள வீராங்கனை தனியாக உள்ளே வந்துவிட்டாள். தேன்மொழி அவசரப்படவில்லை. கடைசி அடி வரை நின்று, பிறகுதான் விழுந்தாள். பந்து அவள் இடது காலில் பட்டு வெளியே போனது. மேளம் நின்றுவிட்டது. அந்த அமைதியில் பச்சை டி-ஷர்ட் ஒன்று எழுந்து, “தீஸ்! தீஸ்!” என்று கத்தியது. தீஸ் என்றால் முப்பது. பக்கத்திலிருந்தவர்கள் ஷிண்டேயைத் திட்டினார்கள் என்று நினைக்கிறேன். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்றாகவே முடிந்தது. எங்கள் அணி முதல் நிலையிலேயே இருக்கிறது.

பஸ் கிளம்புவதற்கு முன்னால் பத்து நிமிடம் கிடைத்தது. அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். வியர்வை, புல், ரப்பர் வாசனை. தீபாவளிக்குச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். இனிமேல் நீ ஆடுகிற எல்லா ஆட்டத்துக்கும் வருகிறேன் என்றேன்.

“அடுத்த சீசனுக்கு அவ முழங்கால் செரியாயிருமாம்க்கா. நான் மறுபடியும் பெஞ்சுதான்,” என்றாள். பிறகு கையுறையின் பட்டையைப் பிரித்தபடி, “ஆடாத மேட்ச்சுக்கும் வா. மத்த பதிமூணுலயும் நான் அங்கதான இருந்தேன்,” என்றாள். குறை சொல்கிற குரல் இல்லை.

கால்பந்துக்காகப் புனே போகிறவர்களுக்கு: வியாழக்கிழமை பிம்ப்ரி பக்கம் எதுவும் வாங்க முடியும் என்று நம்பிப் போகாதீர்கள். கேம்ப்பில் கிடைக்கும். மெட்ரோ இருக்கும்போது நெடுந்தூரம் ஆட்டோ வேண்டாம், அவசரமென்றால் மீட்டர் போடச் சொல்லுங்கள், போடுகிறார்கள். அன்று முழுக்கச் சந்தோஷுக்கு, காத்திருந்ததையும் சேர்த்து, எழுநூறு கொடுத்தேன். ஏப்ரல் வெயிலுக்குத் தொப்பியும் இரண்டு லிட்டர் தண்ணீரும் கட்டாயம். மேற்குப் பக்கக் காலரியில்தான் நிழல். கடைசியாக ஒன்று. ஆட்டம் மூன்றரைக்கு என்றால் மூன்றரைக்குப் போகாதீர்கள். இரண்டரைக்கே போய் உட்கார்ந்துவிடுங்கள். மாற்று கோல்கீப்பர் பந்தைத் தொடுவது, ஆட்டத்துக்கு முன்னால் பயிற்சி நடக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும்தான்.