மரகதம் டீச்சரின் சைலன்சர்

"மரகதம் டீச்சர் அமைதியாகக் காலமானார்" என்று நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் செய்தி வந்தது. அழுதேன். அந்த 'அமைதியாக' என்பதை யார் எழுதியது என்று கோபமும் வந்தது. டீச்சர் எதை அமைதியாகச் செய்திருக்கிறார்? நெய்வேலி டவுன்ஷிப் பள்ளியில் என்னைப் போலவே அவரோடு ஆசிரியராக வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும், ஆறாம் வகுப்பில் அவர் நடத்தும் வரலாற்றை ஏழாம் வகுப்பும் சேர்த்து மனப்பாடம் செய்துவிடும்.

அவருடைய பழைய சிவப்புக் காரையும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒருமுறை அதன் சைலன்சரில் ஓட்டை விழுந்தது. புதியது வரவழைக்க மெக்கானிக் ஒரு வாரம் கேட்டார். அந்த வாரம் முழுக்க டீச்சர் நம் குடியிருப்பு பிளாக்கின் முனையிலேயே எஞ்சினை அணைத்துவிட்டு, நம்மைத் தள்ளச் சொல்வார். "மெதுவா தள்ளுங்க, நைட் ஷிப்ட் முடிச்சவங்க தூங்குறாங்க" என்று அவர் ரகசியமாகச் சொன்னதில்தான் அத்தனை பேரும் விழித்துக்கொண்டார்கள்.

அந்த வாரக் கடைசியில் மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு கோயிலில் வைத்து என்னைப் பெண் பார்க்க ஏற்பாடாகியிருந்தது. அப்பா அம்மா இல்லாத எனக்கு டீச்சர்தான் பெரியவராக வந்தார். ஏற்கெனவே இரண்டு இடம் என் சிரிப்பால் தட்டிப்போயிருந்தது. "பொண்ணு ஆம்பள மாதிரி சிரிக்குது" என்று சொல்லியனுப்பினார்கள். இந்த இடத்திலாவது வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். தரகர் வேறு, ரொம்ப அமைதியான பெண் என்று அடித்துச் சொல்லியிருந்தார்.

முத்தாண்டிக்குப்பம் தாண்டியதும் ஒரு வேகத்தடையில் சைலன்சர் கழன்று தொங்கியது. சூடு ஆறும்வரை காத்திருந்தோம். டீக்கடைக்காரர் கொடுத்த கட்டுக்கம்பியால், பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு டீச்சரே அதைத் தூக்கிக் கட்டினார். இனி தரையில் உரசாது, அவ்வளவுதான். கோயில் வாசலில் போய் நின்றபோது மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் பறந்துவிட்டன.

மாப்பிள்ளையின் அம்மா காதைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"இன்னாங்க இது, இப்படி அலறிகினு வருது? வண்டிக்கு சைலன்சரே இல்லீங்களா?"

"வண்டிக்கும் இல்லீங்க, பொண்ணுக்கும் இல்லீங்க. இப்பவே சொல்லிட்டேன்" என்றார் டீச்சர்.

எனக்குப் பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. கோயிலே அதிரச் சிரித்தேன். எல்லாம் போச்சு என்று வாயைப் பொத்தினால், அந்த அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னைவிடப் பெரிதாகச் சிரிக்கிறார்! "டேய், இந்தச் சிரிப்பு நம்ம வூட்டுக்கு வேணும்டா" என்று மகனைத் தேடினார். மாப்பிள்ளை அதற்குள் எங்கள் காருக்கு அடியில் படுத்துக் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். "சரிம்மா" என்று குரல் மட்டும் வந்தது. அவர் முகத்தை நான் பார்த்ததே அதற்கப்புறம்தான். கன்னமெல்லாம் கரி.

திரும்பும் வழியில் டீச்சரிடம் சண்டை போட்டேன். "அப்படிச் சொல்லலாமா டீச்சர்? வேணாம்னு போயிருந்தா?"

"போனா போகட்டும். காலம் பூரா நீ வாயப் பொத்திக்கிட்டு வாழறதுக்கா உன்னக் கூட்டிட்டு வந்தேன்?" என்றார்.

அவரைப் போல எனக்காக யாரும் அதுவரை பேசியதில்லை. புது சைலன்சர் மாட்டிய பிறகு, "வண்டி ஊமையாயிடுச்சு" என்று பார்ப்பவரிடமெல்லாம் குறைபட்டுக்கொண்டார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது என் சொந்தச் சிரிப்பைத்தான். இன்றைக்கும் நாலு வீட்டுக்குக் கேட்கிறது, டீச்சர்.